சிரமமின்றிச் செல்லலாம்

சேலையூர்,
9 ஜூன் 2025

திரு. ஸ்ரீரங்கன் அவர்களுக்கு,

நேற்று உங்களுக்குப் போன் செய்தவள் நான்தான். இரண்டு நிமிடம்கூடப் பேச விடாமல், "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்கம்மா, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அப்போது இருந்த கோபத்தில் எழுதியிருந்தால் முதல் வரியோடு கிழித்துப் போட்டிருப்பீர்கள். ஒரு நாள் ஆறப் போட்டுவிட்டு இதோ எழுத்து மூலமாகக் கொடுக்கிறேன்.

என் பெயர் ஞானஜோதி. வயது நாற்பத்தொன்று. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்னால் மேடவாக்கம் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி என் ஸ்கூட்டரை இடித்ததில் முதுகெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. தோள் இறுகாமல் இருக்க ஏதாவது விளையாடச் சொல்லி, பிசியோதெரபிஸ்ட் ப்ரியாதான் உங்கள் காலனி நலச் சங்கம் போட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்தார். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை மாற்றுத்திறனாளிகள் விளையாடத் தகுந்த பத்தொன்பது இடங்கள். பத்தொன்பதுக்கும் எதிரே ஒரே வாசகம்: "சிரமமின்றிச் செல்லலாம்." தொகுத்தவர் என்று உங்கள் பெயர், கீழே போன் நம்பர்.

நாலு சனிக்கிழமைகளில் ஆறு இடங்களுக்குப் போய்வந்தேன். போவது என்றால் நீங்கள் நினைப்பது போல அல்ல. ஆட்டோ ஓட்டும் சவுரிமுத்து அண்ணன் என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டி, போன இடத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்து, திரும்பவும் தூக்க வேண்டும். மூன்றாம் எண், ஷட்டில் கோர்ட்: வாசலில் மூன்று படி. ஐந்தாம் எண், யோகா வகுப்பு: முதல் மாடி. லிஃப்டுக்குள் துடைப்பமும் வாளியும் குடித்தனம் நடத்துகின்றன. ஏழாம் எண், நீச்சல் குளம்: சாய்தளம் இருக்கிறது, பைக் ஏற்றுவதற்காக. அதன் குறுக்கே சங்கிலி, சங்கிலியில் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் வெயிலில் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

பன்னிரண்டாம் எண்ணில் ரிசப்ஷனில் இருந்த பெண் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "உங்கள மாதிரி யாரும் இங்க வர்றதில்லையே மேடம், யார் சொன்னாங்க?" என்றாள். நீங்கள்தான் சொன்னீர்கள், அச்சடித்து.

ஒரே ஒரு கேள்வி. இந்தப் பத்தொன்பதில் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்தீர்களா? இல்லை, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதியதா?

இப்படிக்கு,
ஞானஜோதி


குரோம்பேட்டை,
16 ஜூன் 2025

திருமதி ஞானஜோதி அவர்களுக்கு,

தங்கள் 9.6.2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பத்தொன்பது இடங்களுக்கும் நான் நேரில் போனேன். பஸ்ஸில் போனேன். நாலு மாதம் ஆனது. எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது காலில் இடுப்பு வரை காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி, வலது கையில் தடி. இந்தக் காலை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கியிருக்கிறேன். "கீழே சீட் போட்டுத் தரட்டுமா" என்று மூன்று அதிகாரிகள் கேட்டார்கள். மூன்று பேரிடமும் வேண்டாம் என்றேன். ஓய்வு பெற்ற நாள்வரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்காவது மாடி மனமகிழ் மன்றத்துக்கும் ஏறியிருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் மூன்றாம் எண்ணில் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. பிடித்து ஏறினேன். எனக்குச் சிரமம் இல்லை. அதைத்தான் எழுதினேன். மூன்று படியெல்லாம் ஒரு படியா அம்மா? கொஞ்சம் மனஉறுதியோடு இறங்கினால் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. உங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் புகார் சொல்லாமல் வாழ்கிறார்கள்.

ஃபேனுக்கு அடியில் எழுதியதாகச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
மு. ஸ்ரீரங்கன்


சேலையூர்,
21 ஜூன் 2025

ஸ்ரீரங்கன் சார்,

ஃபேனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்ற எதையும் பெற்றுக்கொள்வதாக இல்லை.

எனக்கு மனஉறுதி இருக்கிறது சார், என் சக்கர நாற்காலிக்குத்தான் கிடையாது. அது இரும்பு. மூன்று படியைப் பார்த்தால் நின்றுவிடும். நீங்கள் படி ஏறியதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கால் ஏறிய இடத்துக்கெல்லாம் என் சக்கரமும் ஏறும் என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல். கால் நன்றாக இருப்பவன் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினான் என்று விட்டிருப்பேன். நீங்கள் எழுதலாமா?

இதற்கு மேல் சண்டை போட எனக்கு நேரம் இல்லை. எனக்கு ஒரு உதவி வேண்டும், அதைக் கேட்கவும் பிடிக்கவில்லை, கேட்காமலும் முடியவில்லை.

கல்லூரியில் நான் டேபிள் டென்னிஸ் ஆடியவள். சுமாராக அல்ல, நன்றாகவே. ஆகஸ்ட் 24 அன்று தாம்பரத்தில் எங்கள் வட்டார டேபிள் டென்னிஸ் சங்கம் போட்டி நடத்துகிறது. செயலாளர் எட்மண்ட் சாரிடம் போய்ச் சக்கர நாற்காலிப் பிரிவு வையுங்கள் என்று கேட்டேன். நாலு பேர் சேர்ந்தால் வைக்கிறேன், ஜூலை 31-க்குள் பெயர் கொடுங்கள் என்றார். இப்போது இருப்பது ஒரு பெயர்தான், என்னுடையது.

ஒரு போட்டிக்கு ஏன் இவ்வளவு என்று நினைப்பீர்கள். போன மாதம் எங்கள் பள்ளியில் மாடியில் இருந்த மேசையை எனக்காகக் கீழே இறக்கினார்கள். பி.இ.டி. மாஸ்டர் எதிரே நின்றார். நான் அடிக்க வசதியாக என் கைக்கே வரும்படி பந்தைப் போட்டார். நான் தட்டிய ஒவ்வொரு பந்துக்கும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "சூப்பர் மிஸ்!" இருபத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று என்னை ஜெயிக்க வைத்து அனுப்பினார்கள். வீட்டிலும் அதே கதை. கேரம் ஆடினால் என் கணவரும் மகளும் வேண்டுமென்றே காயை விடுகிறார்கள். மூன்று வருடமாக நான் எதிலும் தோற்கவில்லை சார். எனக்கு வெறுத்துப் போய்விட்டது. என்னைத் தோற்கடிக்க ஒரு ஆள் வேண்டும், என் மேல் பரிதாபம் இல்லாத ஒரு ஆள்.

புத்தகத்தில் உங்கள் நம்பர் இருக்கிறது. என்னைப் போல வேறு யாராவது நிச்சயம் கூப்பிட்டிருப்பார்கள். அவர்களுடைய நம்பர்களைக் கொடுங்கள். போதும்.

ஞானஜோதி


குரோம்பேட்டை,
28 ஜூன் 2025

ஞானஜோதி டீச்சருக்கு,

நம்பர்கள் என்னிடம் இல்லை.

கூப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். எல்லோரிடமும் உங்களிடம் சொன்னதையேதான் சொன்னேன். எழுத்து மூலமாகக் கொடுங்கள். யாரும் எழுதவில்லை, உங்களைத் தவிர. என்னுடையது பட்டன் போன், பழைய நம்பர்கள் அதில் தங்காது.

அலுவலகத்தில் எனக்குத் தபால் பிரிவு. காகிதம் வந்தால் எண் போடுவேன், பதிவேட்டில் ஏற்றுவேன், பதில் போகும். காகிதம் வராவிட்டால் அந்த விஷயமே நடக்கவில்லை என்று பழகிவிட்டேன். வெளியே உட்கார்ந்து அழுகிறவர்களிடமும் அதைத்தான் சொல்வோம். அது தவறு என்று அப்போது ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டு குரல்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன. ஒன்று, அனகாபுத்தூரிலிருந்து ஒரு அம்மாள். "இன்னா சார், புக்குல போட்டுக்கீற, வந்து பாத்தா படி கீது! நான் இன்னா பறந்துகினு போறதா?" என்றாள். மற்றொன்று, மேடவாக்கத்திலிருந்து ஒரு வாலிபன். பாதி இங்கிலீஷ். ஏதோ ஒரு ஃபிளாட்டின் பெயர் சொன்னான், பின்னால் லாரி ஹாரனில் சரியாகக் கேட்கவில்லை.

தேடிப் பார்க்கிறேன். படி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மு. ஸ்ரீரங்கன்


சேலையூர்,
5 ஜூலை 2025

சார்,

உங்கள் கருத்தைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு பேர்! மூன்று பேருக்காக நான் ஊரெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ப்ரியாவின் கிளினிக்கில் நோட்டீஸ் ஒட்டினேன். சர்ச்சில் அறிவிக்கச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஒன்பது பேர் வந்து எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள், ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. மூன்று பேர் போதாதா என்று எட்மண்ட் சாரிடம் கேட்டேன். "ரூல்னா ரூல்தான் சிஸ்டர், ஜூனியர் பாய்ஸுக்கும் அதான்" என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. எல்லோருக்கும் உள்ள ரூல்தான் எனக்கும் வேண்டும் என்று கேட்டவள் நான்தானே.

கிடைக்க வேண்டிய ஆட்கள் உங்கள் காது வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. தேடுங்கள்.

ஞானஜோதி


குரோம்பேட்டை,
20 ஜூலை 2025

டீச்சருக்கு,

இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள்.

அனகாபுத்தூரில் ஆற்றோரத் தெருக்களில் மூன்று நாள் விசாரித்தேன். ரேஷன் கடைக்காரர்தான் வழி சொன்னார். பெயர் காமு. வயது நாற்பத்தைந்து இருக்கும். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். இரண்டு காலும் சிறுவயதிலிருந்தே வராது. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. நான் பெயரைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீதானா அது? எய்தி குடுன்னு சொன்னியே! எனுக்கு எய்த வந்தா நான் இன்னாத்துக்கு போன் பண்றேன்?"

நான் அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று கணக்குப் போடப் பார்த்து நிறுத்திவிட்டேன். காமுவே டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். பேட்டைத் தொட்டதே இல்லையாம். "பந்துதானே சார், அடிச்சா போவுது" என்கிறார். பெயர் கொடுத்துவிட்டார்.

மேடவாக்கத்தில் ஐந்து ஃபிளாட் செக்யூரிட்டிகளிடம் கேட்ட பிறகு காலேப் கிடைத்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறான். இருபத்தெட்டு வயது. "அங்கிள், யூ ஹங் அப் ஆன் மீ" என்று சிரித்துக்கொண்டே சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனிடம் உபரியாக ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது. அவன் ஃபிளாட்டிலேயே டேபிள் டென்னிஸ் மேசையும் இருக்கிறது, மொட்டை மாடியில். லிஃப்ட் அதற்கு ஒரு மாடி கீழே நின்றுவிடும். மூன்று வருடமாக அந்த மேசையை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

ஆக, உங்களோடு மூன்று. நாலாவது ஆளுக்கு எனக்கு வழி தெரியவில்லை.

ஸ்ரீரங்கன்


சேலையூர்,
24 ஜூலை 2025

சார்,

நாலாவது ஆள் நீங்கள்.

எட்மண்ட் சாரிடம் கேட்டுவிட்டேன். காலில் ஊனம் என்று அடையாள அட்டை இருக்க வேண்டும், ஆட்டம் முழுவதும் நாற்காலியை விட்டு எழக் கூடாது, அவ்வளவுதான் விதி. அட்டை உங்களிடம் இருக்கும். நாற்காலி காலேப் தருகிறான். மனமகிழ் மன்றத்துக்கு மதியம் மதியம் ஏறிப்போய் நீங்கள் என்ன ஆடினீர்கள் என்று காமு அக்கா உங்களிடம் கேட்டாராமே, போனில் சொன்னார். டேபிள் டென்னிஸ் என்று சொன்னீர்களாம். எனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அதை விட்டுவிட்டீர்கள்.

விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ஞானஜோதி


குரோம்பேட்டை,
28 ஜூலை 2025

டீச்சருக்கு,

நாலு நாளாக இந்த விண்ணப்பத்தை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்தொரு வயதில் ஒரு தடவைகூட நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கொண்டுவந்தார்கள், சுவரைப் பிடித்து நடந்தேன். "ஒக்காந்தா ஒக்காந்ததுதான்டா, எழுந்திரு" என்று அம்மா சொல்லிச் சொல்லி என்னை நிற்க வைத்தாள். நான் படித்தது, வேலைக்குப் போனது, கல்யாணம் செய்தது எல்லாம் நின்ற காலில்தான். அதில் உட்காருவது எனக்கு விளையாட்டு இல்லை.

ஆனாலும் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். 24-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவேன்.

ஸ்ரீரங்கன்


சேலையூர்,
25 ஆகஸ்ட் 2025

ஸ்ரீரங்கன் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வந்தீர்கள். நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தடி, கையில் ஒரு துணிப்பை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தீர்கள். காலேப் உங்களுக்காக விரித்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தீர்கள். யாரோ ஒரு பெரியவர் உங்களிடம் வந்து பேசினார். பிறகு திரும்பி நடந்தீர்கள். "சார்!" என்று நான் கத்தியது உங்களுக்குக் கேட்டது. உங்கள் தோள் நின்றது, கால் நிற்கவில்லை.

எட்மண்ட் சார் கால் மணி நேரம் காத்திருந்தார், பாவம், அவர் கொடுக்க வேண்டியதே பத்து நிமிடம்தான். அப்புறம் பலகையில் எங்கள் பிரிவின் மேல் ஒரு கோடு போட்டார். உச்சிவேளையில் சங்கத்திலிருந்து வேறு ஒருவர் வந்தார். "ஃபைனலுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் டெமோ மாதிரி ஆடுங்களேன் மேடம், போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். "நாங்க இன்னா சர்க்கஸா?" என்றார் காமு அக்கா. அவர் அனகாபுத்தூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் விடியலில் கிளம்பி அந்த வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு வந்தவர். வண்டியில் ஒரு புது பேட். காலேப் உங்கள் நாற்காலியை மடக்கி எடுத்து வைத்தான்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மன்னித்திருப்பேன். நீங்கள் எங்களைப் போல உட்கார வெட்கப்பட்டீர்கள். எங்களைப் பார்த்து வெட்கப்பட்டீர்கள். ரிசப்ஷன் பெண், வாட்ச்மேன், கை தட்டியவர்கள், யாரும் எனக்கு இதைச் செய்யவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஞானஜோதி


குரோம்பேட்டை,
7 செப்டம்பர் 2025

டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

என்னோடு பேசியவர் ராகவேந்திரா. அலுவலகத்தில் என் பிரிவில் பக்கத்து மேசை. பேரன் ஆடுகிறான் என்று வந்திருந்தார். "என்ன ஸ்ரீரங்கா, நீ இங்கே?" என்றவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. நான்தான் "சும்மா மேட்ச் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் கை கொடுத்தார், வழக்கம் போல வேண்டாம் என்றேன். அந்த வேண்டாமைச் சொல்லும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

நீங்கள் எழுதியது முழுவதும் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் எண்ணில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாம் எண்ணில் மாடி ஏறி இறங்கியதில் இரண்டு நாள் தொடை வீங்கியது. சிரமமின்றி என்று எழுதியது நடந்ததை அல்ல. எனக்குச் சிரமம் என்று ஒரு காகிதத்திலும் ஏறக் கூடாது என்று எழுதியது. உங்களை ஆறு இடத்துக்கு அலைய வைத்தது அந்த வீம்புதான்.

நேற்று மேடவாக்கம் போய்க் காலேப்பிடம் மன்னிப்புக் கேட்டு, நாற்காலியை வாங்கி வந்தேன். சவுரிமுத்துவிடமும் பேசிவிட்டேன். பத்தொன்பது இடங்களுக்கும் திரும்பப் போகிறேன், அதில் உட்கார்ந்து.

ஸ்ரீரங்கன்


குரோம்பேட்டை,
5 அக்டோபர் 2025

டீச்சருக்கு,

பதில் வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. வேலை முடிந்துவிட்டது, அதற்கான தகவல் இது.

முதல் நாள் மூன்றாம் எண். படிக்கு முன்னால் சவுரிமுத்து நாற்காலியை நிறுத்தினார். கை தானாகக் கைப்பிடிச் சுவருக்குப் போனது. நான் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிடம் அங்கேயே இருந்தேன். உள்ளேயிருந்து வந்த ஒரு அம்மாள் என்னைத் தாண்டி சவுரிமுத்துவைப் பார்த்து, "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார். எனக்கு அறுபத்தொரு வயது, பதிவேடு பதிவேடாக எழுதியவன், என் முகத்துக்கு எதிரே என்னைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கிறார்கள். "அவருகிட்டயே கேளும்மா, வாய் நல்லாத்தான் கீது" என்றார் சவுரிமுத்து.

பதினோராம் எண்ணில் தாங்க முடியாமல் எழுந்துவிட்டேன். மானேஜரிடம் சத்தம் போட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவனைப் பார்த்து, "நடக்கிறீங்களே சார், அப்புறம் என்ன?" என்றார். ஜூன் மாதம் உங்களுக்கு நான் எழுதியதும் கிட்டத்தட்ட அதுதான். மறுநாள் திரும்பப் போய் ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்தேன்.

அலுப்பாக இருக்கிறது டீச்சர். ஒரு இடத்தில் சாய்தளம் இருந்தது, மேலே கதவு அகலம் இருபத்திரண்டு அங்குலம். ஒரு இடத்தில் எல்லாம் சரி, கழிவறை மட்டும் மாடியில். ஒரு மைதானத்தில் மாடு நுழையாமல் இருக்கக் கம்பி நட்டிருக்கிறார்கள், மாடு நுழைகிறது, நாற்காலி நுழையவில்லை. எல்லோரும் நல்ல மாதிரிதான் பேசுகிறார்கள். அடுத்த வருடம் என்கிறார்கள்.

பத்தொன்பதில் தேறியது இரண்டு. ஒன்று, பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு நடைபாதைப் பூங்கா. மற்றொன்று செம்பாக்கத்தில் ஒரு சமுதாயக் கூடம். அதன் பின்பக்கம் நல்ல அகலமான சாய்தளம், பந்திப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டு போகக் கட்டியது. நமக்காகக் கட்டியதில் எல்லாம் ஏற முடியவில்லை, சாம்பார் அண்டாவுக்காகக் கட்டியதில் சர்ரென்று ஏறினேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் உள்ளே டேபிள் டென்னிஸ் மேசை போடுகிறார்கள். இப்போது புரட்டாசி, கல்யாணமே இல்லை.

புதுப் பட்டியல் இணைத்துள்ளேன். ஒரே தாள்தான். இரண்டு இடங்களும் மேலே. மற்ற பதினேழும் கீழே, எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், சாவி யாரிடம் என்ற விவரத்தோடு. பழைய புத்தகத்தில் மீதி இருந்த பிரதிகளைக் கட்டி சங்கத்திலிருந்து எடுத்துவந்துவிட்டேன். போன் செய்பவர்களின் பெயரை இப்போது நானே எழுதிக்கொள்கிறேன். இதுவரை நாலு பேர்.

11-ஆம் தேதி சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடத்தைக் கேட்டு வைத்திருக்கிறேன். காமு வருகிறார், காலேப் வருகிறான். நான் மூன்றரைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஸ்ரீரங்கன்


சேலையூர்,
13 அக்டோபர் 2025

சார்,

வரக் கூடாது என்றுதான் இருந்தேன். சவுரிமுத்து அண்ணன் மூன்று மணிக்கே வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார், அவரிடம் சொல்லி வைத்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை நானும் ஒரு காகிதத்தில் ஏற்றிவிடுகிறேன். காலேப்பை நான் ஜெயித்தேன். காமு அக்காவை ஜெயித்தேன், அவர் திட்டியது காதில் இன்னும் இருக்கிறது. உங்களோடு ஆடும்போது முதல் இரண்டு பந்தை மெதுவாக என் கைக்கே போட்டீர்கள். பி.இ.டி. மாஸ்டர் போட்ட அதே பந்து. அப்போதே பேட்டை வீசிவிட்டுப் போயிருப்பேன். நான் கத்திய கத்தலில் சமையல்கட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் உங்கள் நிஜ ஆட்டம் வந்தது. இத்தனை வருடம் நின்ற இடத்திலேயே நின்று இடுப்பிலிருந்து ஆடியவர் நீங்கள். நானோ இன்னும் ஓடிப்போய் அடிக்கப் பார்க்கிறேன், ஓடக் கால் இல்லை. இடது மூலை, வலது மூலை, மறுபடி இடது மூலை. கொஞ்சமும் இரக்கம் இல்லை. ஒரு பந்துக்குச் சிரிக்கவும் சிரித்தீர்கள்.

பதினொன்று - ஏழு. பதினொன்று - ஒன்பது. பதினொன்று - ஆறு.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். சவுரிமுத்து அண்ணன் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினார். "தோத்துட்டேன்ணா" என்றேன். "அதுக்கு ஏம்மா சிரிச்சுகினே அழுவுற?" என்றார். வீட்டில் கேரம் போர்டை எடுத்த மகளிடம், இனி விட்டுக்கொடுத்தால் ஆட்டத்துக்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 24-ஐ நான் மன்னிக்கவில்லை. அது தனி. இந்த வாரத்தோடு புரட்டாசி முடிகிறது, ஐப்பசி பிறந்தால் கூடம் பந்திக்காரர்களுக்குப் போய்விடும். அதற்குள் மூன்றாவதாக ஒரு இடம் கண்டுபிடியுங்கள். உங்களை நான் தோற்கடித்தாக வேண்டும்.

ஞானஜோதி